முத்திரையும் கட்டியங்காரனும்



பொழிவுக்குத் தலைப்பு கேட்டபோது, ‘புகழ்பெற்ற சின்னங்களையும் ஓவியங்களையும் கேலியாக மாற்றி வரைவது பற்றி’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, அறக்கட்டளைப் பொழிவு என்பதால் கொஞ்சம் கனமான பொருளாக இருந்தால் நன்றாக இருக்கும்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கனத்தைக் கையோடு கொண்டு வருகிறேன் என்றேன். இதோ, இந்தத் துணிப்பையில் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூ. அவையில் காலணியைத் தூக்கிக் காட்டுவது நம் வழக்கமில்லை. ஆனால் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நின்று பேசுகிறவன் அதற்காக மன்னிப்புக் கேட்டால், தோலில் பிழைக்கிற இந்த மண்ணின் சோற்றுக்கே மன்னிப்புக் கேட்டதுபோல் ஆகிவிடும்.

கத்தி கீறிய பெயர்

இதை நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். ஏற்றுமதிக்குச் செய்து, பையர் வேண்டாம் என்று தள்ளிய சரக்கு. நல்ல கறுப்புத் தோல். இடது ஷூவின் மேல்பாகத்தில் ஒரே ஒரு தையல் தாண்டியிருக்கிறது. சொன்னால்தான் கண்ணில் படும். உள்ளே பாருங்கள். குதிகால் படும் இடத்தில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை ‘சாக்’ என்பார்கள். அதில் பொன்னிறத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. அதன் மேல் யாரோ கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள். நாக்கில் தைத்திருந்த லேபிளை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெயரைப் பதிக்கிற வேலையைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். பித்தளையில் செதுக்கிய பிளாக்கைச் சூடாக்கி, தோலுக்கும் அதற்கும் நடுவே ஃபாயிலை விட்டு, அழுத்தி எடுக்க வேண்டும். சூடு கூடினால் தோல் கருகும். குறைந்தால் எழுத்து உதிரும். எந்தக் கணத்தில் கையை எடுப்பது என்பது மிஷினில் நிற்கிற பெண்ணின் கைக்குத் தெரியும். அத்தனை பதமாகப் பதித்த பெயரை, சரக்கு உள்ளூர்க் கடைக்குப் போகும் முன் இன்னொரு கை கீறி அழிக்கிறது. பிராண்டுக்குச் சொந்தக்காரர் கேட்பது அது.

“பேர் இல்லைன்னு யோசிக்காதீங்க சார், நம்ம ஊர் கை வேலை” என்று கடைக்காரர் சொன்னார். அந்த வார்த்தை என்னை விடவில்லை. வெட்டியவர், தைத்தவர், ஒட்டியவர் எவர் பெயரும் இந்த ஷூவில் என்றுமே இருந்ததில்லை. இருந்த ஒரே பெயர் கடல் தாண்டிய ஊர்ப் பெயர். அதுவும் போய்விட்டது.

ஆக, ஒரு சின்னத்தை மாற்றுவது பல கைகள் செய்கிற காரியம். உடையவர் அழிக்கிறார். கள்ளச் சரக்குக்காரர் காப்பியடிக்கிறார். போரில் வென்றவர் தோற்றவனின் சின்னத்தைத் திருத்தி எழுதுகிறார். நான்காவதாக ஒருவர் சிரிப்பதற்காக மாற்றுகிறார். நான் பேச வந்தது அந்த நான்காமவரைப் பற்றி. அவரை இனம் காண மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

புலி மேல் சிங்கம்

வென்றவர் கதைக்கு வேலூர்க் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

திப்பு சுல்தானின் சின்னம் புலி. அவருடைய அரியணையிலும் ஆயுதங்களிலும் படைவீரர்களின் உடுப்பிலும் புலிவரி இருந்தது. ‘அசதுல்லா அல்-காலிப்’, அதாவது ‘இறைவனின் சிங்கமே வெல்வது’ என்னும் அரபுத் தொடரின் எழுத்துகளை வளைத்துப் புலிமுகமாகவே வரைய வைத்தார். சொல் சிங்கத்தைச் சொல்லும். எழுத்து புலியாக நிற்கும். சிலேடை பாடிய காளமேகப் புலவர் பார்த்திருந்தால் தலையசைத்து ரசித்திருப்பார். ஐரோப்பிய வீரன் ஒருவனை மல்லாத்திக் குதறுகிற மரப்புலி ஒன்றும் அவரிடம் இருந்தது. விசையைச் சுழற்றினால் புலி உறுமும், அடியில் கிடப்பவன் முனகுவான்.

1799-இல் திப்புவின் தலைநகரான சீரங்கப்பட்டணம் விழுந்தது. கிழக்கிந்தியக் கும்பினி அந்த மரப்புலியை லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெற்றிக்காக ஒரு பதக்கமும் அடித்தார்கள். வடிவமைத்தவர் குக்லர், அடித்த இடம் பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலை. பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியைக் கீழே தள்ளி அழுத்துகிறது. மேலே பறக்கிற கொடியில் எழுதியிருப்பது எது தெரியுமா? அதே ‘அசதுல்லா அல்-காலிப்’. திப்புவின் வாக்கியத்தையே எடுத்து, ‘சிங்கம் வெல்லும் என்று நீயே சொன்னாயே, இதோ சிங்கம்’ என்று அவருக்கு எதிராகவே திருப்பினார்கள். கேலியின் இலக்கணம் முழுதும் தெரிந்த கை அது. அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் யாரைப் பார்த்து அந்தச் சிரிப்பு? செத்துக் கிடந்தவரைப் பார்த்து.

திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இந்த வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்ததாகக் கும்பினி கைவைத்த சின்னம் சிப்பாய்களின் தலைப்பாகை. 1805 நவம்பரில் புது உத்தரவு வந்தது. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாக வெட்ட வேண்டும். தலைக்கு ‘அக்னியூ தலைப்பாகை’ என்று தொப்பி போன்ற ஒன்று. அதில் விலங்குத் தோலால் செய்த ஒரு பட்டை. மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் சிப்பாய்க் கிளர்ச்சி வெடித்தது. திப்புவின் புலிக்கொடி மேலேறியது. ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையைத் திரும்பப் பிடித்தார். உள்ளே நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். சென்னை ஆளுநர் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடாக்கும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

வரலாற்று ஆசிரியர்கள் இதற்குப் பல காரணம் சொல்வார்கள், எல்லாம் சரிதான். நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு துண்டுத் தோலால் இத்தனை ரத்தம் ஏன்? தோலின் விலை ஒன்றும் பெரிதில்லை. யார் தலையில் எந்தக் குறி இருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் வழக்கு. சின்னம் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை மக்கான் சந்திப்பில் இருக்கிற நினைவுத் தூணருகே நின்றுவிட்டு வரட்டும்.

கட்டியங்காரன் செய்கிற வேலை

இந்த வடமாவட்டங்கள் தெருக்கூத்தின் தாய்வீடு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று உறுமுவான். கட்டியங்காரன் திரைக்கு முன்னால் வந்து, “யாருய்யா நீ? எந்த ஊரு?” என்று கேட்பான். ராஜா தன் பெருமையைப் பாடப் பாட, இவன் ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் கோணலாகத் திருப்பிச் சொல்வான். ஊர் சிரிக்கும். ஊர் நாட்டாமையும் அந்தச் சிரிப்பில் சிக்குவார்.

அவன் ராஜாவின் கிரீடத்தைத் தான் எடுத்து மாட்டிக்கொள்வதே இல்லை என்பதைக் கவனியுங்கள். மாட்டிக்கொண்டால் அவன் இன்னொரு ராஜா. பக்கத்தில் நிற்கிறான், கிரீடமும் தெரிய வேண்டும், கிரீடத்தைப் பார்த்துச் சிரிப்பவனும் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டால்தான் பகடி. தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு களங்களில் எள்ளலை முதலில் வைத்திருக்கிறது. எள்ளுவதற்கு எள்ளப்படும் பொருள் எதிரே நிற்க வேண்டும்.

கள்ளச் சரக்கு இதற்கு நேர் எதிர். புகழ்பெற்ற ஷூ பெயரில் ஒரு எழுத்தைப் புரட்டிப் போட்டு, அதே மூன்று கோட்டையோ அதே வளைவையோ ஒட்டி விற்கிறவர், நாம் வித்தியாசத்தைக் கவனிக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். பகடிக்காரர் கவனிக்கவில்லையே என்று வருந்துவார். ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் இந்த ஒரு சோதனையைப் போட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1919-இல் மார்சேல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் மோனாலிசா அச்சிட்ட மலிவான தபால் அட்டை ஒன்றை வாங்கி, அந்த அம்மாளுக்குப் பென்சிலால் மீசையும் குறுந்தாடியும் வரைந்தார். லியனார்டோ இறந்து சரியாக 400 ஆண்டு. கீழே எல்.ஹெச்.ஓ.ஓ.க்யூ. என்று ஐந்து எழுத்து எழுதினார். அவற்றைப் பிரெஞ்சில் வேகமாக உச்சரித்தால் கொஞ்சம் பச்சையான ஒரு வாக்கியம் காதில் விழும். அதுவும் சிலேடைதான். மூல ஓவியத்தின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. கீறல் விழுந்தது, அந்த ஓவியத்தைப் பார்த்தால் கைகட்டி நிற்க வேண்டும் என்ற பழக்கத்தின் மேல்.

நம் பக்கத்திலேயே இதைவிட ஆழமாகச் செய்தவர் பெங்களூருவின் புஷ்பமாலா. ரவிவர்மாவின் லட்சுமி நம் வீட்டுப் பூஜையறைகளில் ஒலியோகிராஃப் அச்சாக வந்து, காலண்டரில் குடியேறி, கடைசியில் லட்சுமி என்றாலே அந்த முகம்தான் என்று ஆகிவிட்டது. 2000 முதல் 2004 வரை புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்’ என்று ஒரு வரிசை செய்தார். கையால் தீட்டிய பின்திரைக்கு முன்னால் அவரே லட்சுமியாக வேடம் கட்டி நின்றார். அதே வரிசையில், கட்டம்போட்ட பலகைக்கு முன்னால் நிற்க வைத்து அளவெடுத்த தோடர் பெண்ணின் பழைய மானிடவியல் படத்தையும் தாமே நடித்துக் காட்டினார். தெய்வப் படமும் அளவெடுப்புப் படமும் அடுத்தடுத்து வரும்போது, இரண்டிலுமே ஒரு பெண்ணை யாரோ நிறுத்தி வைத்துப் பார்க்கிறார்கள் என்பது உறைக்கிறது. வேடம் வேடமாகத் தெரிவதால் உண்டாகும் உறைப்பு அது.

ஓவியத்துக்கு வயதாகும், லோகோவுக்கு வயதாகாது

சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ஒரு ஓவியத்தின் காப்புரிமை, ஓவியர் இறந்தபின் 60 ஆண்டு நிற்கும். ரவிவர்மா 1906-இல் இறந்தார். அவர் லட்சுமி இப்போது எல்லாருக்கும் சொந்தம். பிக்காசோ 1973-இல் இறந்தார். நம் சட்டப்படி 2033 முடியும்வரை காப்பு. அதன் பிறகு யாரும் தொடலாம். வணிகச் சின்னத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. பத்தாண்டுக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் ஏழு தலைமுறைக்கும் அது சொந்தக்காரர் கையில்தான். நைக்கியின் வளைகோட்டை 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வரைந்து கொடுத்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது 35 டாலர். அந்தக் கோட்டைக் காவல் காக்க இன்று எத்தனை வக்கீல்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமாகப் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. ‘பகடி’ என்ற சொல் அதில் இல்லை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்திலும் இல்லை. ஆகையால் ஒவ்வொரு சிரிப்பும் நீதிபதியின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

நீதிபதிகள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஜெர்மானிய வழக்கு ஒன்று சுவையானது. பாய்கிற பூமா சிறுத்தையின் இடத்தில் அதே பாய்ச்சலில் ஒரு பூடில் நாயை வரைந்து, ‘பூமா’வுக்குப் பதில் ‘பூடில்’ என்று எழுதி, அதைத் தம் வணிகச் சின்னமாக ஒருவர் பதிவும் செய்துகொண்டார். 2015 ஏப்ரலில் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் அந்தப் பதிவை நீக்கச் சொன்னது. நாயையும் சிறுத்தையையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அடுத்தவர் புகழில் ஏறிக்கொண்டு, அந்தக் கேலியைத் தனக்கென்று ஒரு சொத்தாகப் பதிய முடியாது என்று முடித்தது. எனக்கு இந்தத் தீர்ப்பில் கூத்துமேடை தெரிகிறது. கட்டியங்காரன் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கிரீடத்துக்குப் பட்டா கேட்டால் கதை வேறு.

ஷூவில் ஒரு சொல், ஓவியத்தில் ஒரு பை

நம் தொழிலுக்கு நெருக்கமான இரண்டு கதைகள்.

முதல் கதை 2001. நைக்கி கம்பெனி, ஷூவில் உங்களுக்குப் பிடித்த சொல்லைத் தைத்துத் தருகிறோம் என்று இணையத்தில் ஒரு சேவை தொடங்கியிருந்தது. ஜோனா பெரெட்டி என்ற மாணவர் பணம் கட்டி, ‘ஸ்வெட்ஷாப்’ என்ற சொல்லைத் தைத்துத் தரச் சொன்னார். குறைகூலிக்கு ஆளைக் கசக்கிப் பிழிகிற பட்டறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். முடியாது என்று பதில் வந்தது. காரணம் கேட்டார். கொச்சைச் சொல் என்றார்கள். அகராதியில் இருக்கிறதே என்று இவர் எழுதினார். விதிகளைச் சுற்றிச் சுற்றிக் கடிதம் நடந்தது. கடைசியில் இவர், சரி, வேறு சொல்லே தைத்துக் கொடுங்கள், என் ஷூவைச் செய்கிற பத்து வயது வியட்நாம் சிறுமியின் கலர்ப்படம் ஒன்று மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டார். அதற்குப் பதில் வரவில்லை. நண்பர்களுக்கு அவர் அனுப்பிய அந்தக் கடிதப் போக்குவரத்து உலகம் முழுக்கச் சுற்றியது. அவர் லோகோவின் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. அதன் பக்கத்தில் ஒரு சொல்லை வைக்கக் கேட்டார், அவ்வளவுதான். அந்தச் சொல் தைக்கப்படாமலே தைத்தது.

இரண்டாவது கதை ஒரு தோல்பை. டென்மார்க்கின் நாடியா பிளெஸ்னர், சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த படுகொலையை உலகம் பார்க்கவில்லையே என்று பொருமினார். ஒட்டி உலர்ந்த ஒரு குழந்தையின் கையில் பணக்கார அம்மாள்கள் தூக்கிக்கொண்டு திரிகிற நாய்க்குட்டியையும், லூயி விட்டோன் பையைப் போன்ற ஒரு பையையும் கொடுத்து வரைந்தார். பிறகு பிக்காசோவின் ‘குவர்னிகா’வை அதே பிரம்மாண்ட அளவில், சுமார் மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில் மாற்றி வரைந்து ‘டார்ஃபூர்னிகா’ என்று பெயரிட்டார். அந்தக் குழந்தையும் பையும் அதிலும் வந்தன. கம்பெனி வழக்குப் போட்டது. முதலில், படத்தைக் காட்டினால் நாளுக்கு 5,000 யூரோ அபராதம் என்று உத்தரவு. 2011 மே 4 அன்று ஹேக் நகர நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கிப் போட்டு, கலைஞரின் பேச்சுரிமை இங்கே கம்பெனியின் சொத்துரிமையைவிட எடை கூடியது என்றது. பை விற்பதற்காகப் பையை வரைந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். பட்டினியைப் பார்க்க வைப்பதற்காக வரைந்தார்.

ஆமையும் ஓநாயும்

நம் நாட்டுக்கு வருவோம். ஒடிசாவின் தாம்ரா துறைமுகத் திட்டத்தில் அப்போது டாடா ஸ்டீல் பங்குதாரராக இருந்தது. கடலாமைகள் முட்டையிட வருகிற கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. கிரீன்பீஸ் அமைப்பு 2010-இல் ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. பழைய பேக்மேன் விளையாட்டு நினைவிருக்கும். அதில் ஓடுவது ஆமைகள். துரத்துகிற பூதங்கள் மேல் டாடா சின்னம். பத்துக் கோடி ரூபாய் இழப்பீடும் தடையும் கேட்டு டாடா சன்ஸ் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜனவரி 28 அன்று நீதிபதி எஸ். ரவீந்திர பட் இடைக்காலத் தடை தர மறுத்தார். ஒரு சின்னத்தை விமர்சனத்துக்கும் தாக்குதலுக்கும் உரிய பொருளாக வைப்பது, அதைத் தன் சரக்கில் ஒட்டி விற்பது போன்றதாகாது என்பது அவர் வழங்கிய காரணத்தின் சாரம். இந்தியாவில் லோகோவை மாற்றி வரைய நினைக்கிற எவரும் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

இதே பாதையில் பாட்டையும் மாற்றலாம். யூனிலீவரின் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் தீண்டிய தொழிலாளர்களின் குரல் மூடப்படாமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், நிக்கி மினாஜின் புகழ்பெற்ற ‘அனகோண்டா’ பாட்டின் மெட்டில் யூனிலீவரைக் கேள்வி கேட்டுப் பாடினார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு ஒன்றால் மட்டும் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து ஆண்டுப் போராட்டம் பின்னால் நின்றது. போராட்டத்தின் பக்கம் உலகின் முகத்தைத் திருப்பிவிட்டது அந்தப் பாட்டு.

அரசுச் சின்னத்தைத் தொட்டால் சூடு அதிகம். சாரநாத் சிங்கங்களின் இடத்தில் ஓநாய்களை வரைந்த கார்ட்டூனிஸ்ட் அசீம் திரிவேதியை 2012 செப்டம்பரில் மும்பையில் தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அவர் படம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கார்ட்டூனாக அது மொண்ணை. பிடிக்காத படத்துக்குச் சிறை மருந்தாகாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

புலி, சிங்கம், சிறுத்தை, நாய், ஆமை, ஓநாய் என்று இந்தப் பேச்சில் விலங்குகள் அதிகமாகிவிட்டன. தோல் நாட்டில் பேசினால் அப்படித்தான் ஆகும்.

இனி நம் முத்திரை

ஆம்பூரில் ‘கம்பெனிக்குப் போறேன்’ என்றால் ஷூ கம்பெனி என்று பொருள். இருநூறு ஆண்டுக்கு முன் இதே மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அந்தப் பழைய பொருள் முற்றாகப் போய்விட்டதா என்றால், இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுகிற நம் பழைய தோலுக்கு உலகச் சந்தையில் ‘ஈ.ஐ. தோல்’ என்று பெயர். அந்தப் பெயரிலேயே புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. பதக்கத்தில் சிங்கத்தைப் பொறித்த அதே கும்பினியின் பெயரை, நமக்கே உரியது என்று நாம் சட்டப்படி பதிந்திருக்கிறோம். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. வரலாறு சில சமயம் கட்டியங்காரனைவிட நன்றாக நையாண்டி செய்கிறது.

இந்த ஷூவின் அடியில் இன்னும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியபடி இருக்கிறது. அதைக் கீற மறந்துவிட்டார்கள். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் காலணிகளுக்கு 1994-இல் வந்த விதி அது. மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் மூன்றும் எதனால் ஆனவை என்று படத்தால் சொல்ல வேண்டும். துணி என்றால் வலைப்பின்னல். வேறு பொருள் என்றால் சாய்சதுரம். தோல் என்றால், நான்கு காலும் விரித்துக் காயப்போட்ட ஒரு தோலின் வடிவம். வாங்குகிறவருக்கு அந்தக் குறி சொல்வது ஒன்றுதான்: இது அசல் தோல்.

அந்த அசல் தோலுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை அது சொல்வதில்லை. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. தோல்பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டது என்ற ஆய்வை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் பாலாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. இந்தத் தொழிலை இழிவுபடுத்துவது என் நோக்கமில்லை. பல்லாயிரம் வீட்டில் அடுப்பெரிய வைக்கிற தொழில் இது. குறிப்பாகப் பெண்களின் கையில் சம்பளம் கொண்டுவந்து வைத்த தொழில். அதனால்தான் அதைப் பற்றிச் சிரிக்கவும் கேட்கவும் வேண்டியவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்கக் கூடாது என்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். அந்த விரித்த தோல் குறியை நோட்டில் பெரிதாக வரையுங்கள். அது எந்த பிராண்டின் சொத்தும் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் வராது. அதன் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கோடு இழுங்கள். பாலாறு. கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று புள்ளி வையுங்கள். ஆற்றில் தண்ணீர் எங்கே வரைவது, நுரை எங்கே வரைவது என்று உங்கள் தாத்தாவிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். வரைந்ததை உங்கள் பெயரோடு ஒட்டுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு கேலி செய்வது கட்டியங்காரன் மரபில்லை. அவன் முகத்தை ஊர் முழுக்க அறியும். வரைவதற்கு முன் மூன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது ஏமாற்றி விற்கப்போகிறீர்களா? உங்களைவிட எளியவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? நீங்கள் சொல்வது உண்மையா? முதல் இரண்டுக்கு இல்லை, மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் தயங்காதீர்கள்.

இந்த ஷூவை நான் திரும்ப எடுத்துப் போகப் போவதில்லை. கல்லூரி நூலகத்திடம் ஒப்படைக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம், கையில் எடுத்துப் பார்க்கிற இடத்தில் வையுங்கள். சாக்கில் கத்தி கீறிய இடத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது ஷூ கம்பெனியில் வேலை செய்தால், அவர்கள் பெயரை அங்கே பேனாவால் எழுதிவிட்டுப் போங்கள்.